டென்ஷனான நாளில் நாலு மணிக்கு என்ன சாப்பிடலாம்? வடை, பிஸ்கட், காபி, கோகோ, சுண்டல்: ஓர் ஒப்பீடு

மாதம் 20-ஆம் தேதி என்றாலே ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கும். ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்ட்டி போனில் கத்துவார். பில் ஒன்று காணாமல் போயிருக்கும். கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், சரியாக நாலரை மணிக்கு டீக்கடைத் தம்பி கம்பிக் கூடையில் டீ கிளாசுகளும் தாளில் சுற்றிய வடையுமாக வந்து நிற்பார். "அக்கா, வடைங்களா, பஜ்ஜிங்களா?" கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே இரண்டு விரலைக் காட்டுவோம்.

அப்படி ஒரு 20-ஆம் தேதி சாயங்காலம் எங்கள் சீனியர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "வாயுப் பிடிப்பும்மா, எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கல" என்று சோடா வாங்கிக் குடித்தார். இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். அவருக்கு வயது 46. வடையால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், இருபது வருட சிகரெட்டும் கட்டுப்படாத சர்க்கரையும் பின்னால் இருந்தன. ஆனால் அன்றிலிருந்து, மன அழுத்தமும் சாப்பாடும் இதயத்தில் எங்கே சந்திக்கின்றன என்று தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சமீபத்தில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு வாசகி கேட்டார்: "நாலு மணிக்குப் பசிக்குது, அஞ்சு மணிக்கு ரிவ்யூ மீட்டிங். வடை வேண்டாம்கிறாங்க. கோகோ நல்லதுன்னு செய்தி வருது. வீட்ல சுண்டல் கொண்டு போன்னு சொல்றாங்க. எதைத்தான் சாப்பிட?" இதே கேள்வியோடு இன்னும் பலர் இருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உடம்புக்குள் நடப்பது

மன அழுத்தம் இதயத்தைத் தொடும் என்பது வெறும் பேச்சு இல்லை. 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில், முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரை மாரடைப்பு வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. தலைமை தாங்கியவர் கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுஃப். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு மன அழுத்தமும் மாரடைப்புக் காரணங்களின் பட்டியலில் இருந்தது. தினமும் காய்கறி, பழம் சாப்பிடுவது பாதுகாப்புப் பக்கம் நின்றது.

டென்ஷன் ஏறும்போது அட்ரினலின் பாய்கிறது, துடிப்பு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க ரத்தக் குழாய் விரிய வேண்டும். அதை விரியச் சொல்வது குழாயின் உட்சுவரில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு. உட்சுவர் சோர்ந்திருந்தால் குழாய் சரியாக விரியாது. நாம் சாப்பிட்டதும் அதே நேரத்தில் அதே உட்சுவரைத்தான் கடந்து போகிறது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் 21 பேர். ஒரு நாள் வெண்ணெய் சேர்ந்த குரோசான் காலை உணவு, சுமார் 56 கிராம் கொழுப்பு. இன்னொரு நாள் சுமார் 11 கிராம் கொழுப்பு மட்டுமே உள்ள உணவு. ஒன்றரை மணி நேரம் கழித்து எட்டு நிமிடம் மனக்கணக்கு. கேள்விகள் போகப் போக வேகமாகும், தப்பாகச் சொன்னால் உடனே சுட்டிக்காட்டப்படும். கடைசி நாளில் போர்ட்டல் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும். அப்புறம் கை நாளம் எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். கொழுப்பு குறைந்த நாளில் குழாய் நன்றாகவே மீண்டது. கொழுப்பு மிகுந்த நாளில் 90 நிமிடம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை. 2023-இல் இது வெளியானது.

நான் இந்த ஆய்வைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், இது நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. "என்ன சாப்பிடலாம்" என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். டென்ஷனுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வாயில் போடுவதற்குத் தனிக் கணக்கு உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன். அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு ரத்தக் குழாய்க்கு இது பாரமா, துணையா? எவ்வளவு உப்பும் சர்க்கரையும் உள்ளே போகின்றன? இரவு எட்டு மணி வரை பசி தாங்குமா, இல்லை பத்து மணிக்குப் பரோட்டாக் கடையில் கொண்டுபோய் நிறுத்துமா? நாலாவது, கைக்கு எட்டுமா: விலை, தயாரிப்பு, அலுவலகத்தில் கிடைக்குமா.

நாலாவதை லேசாக நினைக்க வேண்டாம். டென்ஷனில் இருப்பவர் தேடிப் போய் நல்லதை வாங்க மாட்டார், கைக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுப்பார். என் கணக்கில் முதல் கேள்விக்கும் நாலாவது கேள்விக்கும் ஒரே எடை.

1. வடை, பஜ்ஜி, பப்ஸ்

நியாயமாகச் சொல்ல வேண்டும். இரண்டு மெதுவடை அந்த 56 கிராம் கொழுப்பை எட்டாது, உளுந்தில் புரதமும் இருக்கிறது. வீட்டில் புது எண்ணெயில் பொரித்த வடையை இந்த வரிசையில் சேர்க்கவே எனக்கு மனசு வரவில்லை. சிக்கல் கடை எண்ணெயில்தான். காலையில் ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் கறுத்து, நுரை கட்டி, புகைந்துகொண்டிருக்கும். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே விதி போட்டது. தெருமுனைக் கடையில் அதை அளந்து பார்ப்பவர் யார்? உங்கள் கண்ணுக்கு எண்ணெய் கறுப்பாகத் தெரிந்தால் அதுவே போதுமான அளவீடு.

பப்ஸ் வேறு கதை. பேக்கரி பப்ஸின் அடுக்கடுக்கான மொறுமொறுப்பு வனஸ்பதியிலும் மார்கரினிலும் வருவது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) அப்படியேதான் இருக்கிறது. பர்மிங்காம் குரோசானுக்கு நம்மூரில் நெருங்கிய சொந்தம் என்றால் வடை இல்லை, பப்ஸ்தான்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 58 பெண்களுக்கு 930 கலோரி, 60 கிராம் கொழுப்புள்ள சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். முந்தின நாள் மன உளைச்சல் இருந்தவர்கள், இல்லாதவர்களைவிட அடுத்த ஏழு மணி நேரத்தில் 104 கலோரி குறைவாகச் செலவழித்தார்கள். அதே சாப்பாடுதான், கவலையோடு சாப்பிட்ட உடம்பில் அது கூடுதலாகத் தங்கியது.

எப்போது சாப்பிடலாம்? வேலை முடிந்து, மனசு இறங்கின சாயங்காலத்தில். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து. மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னால் மட்டும் வேண்டாம்.

2. பிஸ்கட், மிக்சர்

எண்ணெய் கையில் ஒட்டாததால் இது பாதுகாப்பு என்று தோன்றும். கிரீம் பிஸ்கட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்: மைதா, சர்க்கரை, பாமாயில். டென்ஷனில் கல்லீரல் ஏற்கெனவே சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீயும் நாலு பிஸ்கட்டும் மேலே போகின்றன. ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், மறுபடி பாக்கெட் திறக்கும். மிக்சரும் காராசேவும் உப்பால் அடிக்கின்றன. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் சாப்பிடும் நம் வீடுகளில் மத்தியானத்துக்குள்ளேயே அதன் பெரும்பங்கு போய்விடும்.

மாத்திரை போட ஏதாவது வயிற்றில் வேண்டும், வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சாதாரண மாரி பிஸ்கட் இரண்டு போதும். மற்றபடி இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

3. எதுவும் வேண்டாம், ஒரு காபி போதும்

வேலைக்காரர்களின் பெருமை இது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே காபி மேல் காபி. டியூக் பல்கலைக்கழகத்தில், வழக்கமாகக் காபி குடிக்கும் 47 பேரிடம் வேலை நாளில் பார்த்தார்கள். 500 மில்லிகிராம் கஃபைன் எடுத்த நாளில் ரத்த அழுத்தம் சராசரியாக மேல் அளவில் 4, கீழ் அளவில் 3 புள்ளி உயர்ந்திருந்தது, அட்ரினலின் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது, அது சாயங்காலம் வரை நீடித்தது. 500 மில்லிகிராம் அதிகம்தான், ஆனால் கெட்டி டிகாஷனில் நாலைந்து முறை குடிப்பவர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

டீ சற்று நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 75 ஆண்களில் பாதிப் பேருக்கு ஆறு வாரம் பிளாக் டீ, மீதிப் பேருக்கு டீ போலவே ருசிக்கும், கஃபைனும் உள்ள போலிப் பானம் கொடுத்தார்கள். மன அழுத்தச் சோதனைக்கு 50 நிமிடம் கழித்து டீக் குழுவில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் 47 சதவீதம் இறங்கியிருந்தது, மற்ற குழுவில் 27 சதவீதம். சோதனையின்போது ரத்த அழுத்தம் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரிதான் ஏறியது. டீ டென்ஷனைத் தடுக்கவில்லை, இறங்கி வர உதவியது.

காபி மட்டும் குடித்துப் பட்டினி கிடப்பதன் உண்மையான செலவு இரவில் தெரியும். எங்கள் அலுவலகத்தில் 20-ஆம் தேதி இரவு பத்தரைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு நேராகப் பரோட்டாக் கடைக்குத்தான் போவோம். நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட், அப்படியே போய்ப் படுக்கை. நாலு மணிக்கு விட்டதை வட்டியோடு கட்டினோம்.

4. கோகோ

செய்திகளில் வருவது இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். அதே பர்மிங்காம் குழு 2024-இல் 23 பேருக்கு வெண்ணெய், சீஸ், முழுப்பால் சேர்ந்த கொழுப்பு உணவோடு 12 கிராம் கோகோ தூளைப் பாலில் கலந்து கொடுத்தது. ஒரு நாள் ஃபிளவனால் என்ற சத்து நிறைந்த கோகோ, சுமார் 695 மில்லிகிராம். இன்னொரு நாள் காரம் (ஆல்கலி, மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்துப் பதப்படுத்தியது. அதில் ஃபிளவனால் 6 மில்லிகிராம்கூட இல்லை. நல்ல கோகோ குடித்த நாளில் குழாயின் விரியும் திறன் டென்ஷனிலும் அதற்குப் பின்னரும் விழவில்லை. மற்ற நாளில் விழுந்தது, 90 நிமிடம் வரை மீளவில்லை.

நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் கடைக்கு ஓடுவதற்கு முன் சில விஷயங்கள்.

சோதித்தது ஆரோக்கியமான இளைஞர்களை, அதுவும் ஒரு வேளை மட்டும். வயதானவர்களிடம் கோகோ சத்து மாத்திரையை வைத்து நடந்த காஸ்மாஸ் ஆய்வில் 21,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் முதலானவற்றின் மொத்த எண்ணிக்கையில் தெளிவான குறைவு கிடைக்கவில்லை. இதய நோயால் நேர்ந்த இறப்பு மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே கோகோவை மருந்தாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது, எந்தக் கோகோ? மால்ட் சேர்த்த சத்துப் பானங்களில் சர்க்கரையும் மால்ட்டும்தான் பெரும்பங்கு. வெறும் கோகோ தூள் என்று எழுதியிருந்தாலும் அது காரம் சேர்த்துப் பதப்படுத்தியதாக இருக்கலாம். உறையில் அமிலத்தன்மை சீராக்கி என்றோ, ஐ.என்.எஸ். 500, 501 என்றோ இருந்தால் அது அந்த வகை. நிறமும் காட்டிக்கொடுக்கும்: பதப்படுத்தியது கறுத்து மிருதுவாக இருக்கும், இயற்கையானது வெளிறிய பழுப்பாக, நாக்கில் துவர்க்கும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக விளைகிறது. அங்கேயே உலர்த்தி அரைத்து விற்பவர்களிடம் காரம் சேர்த்ததா என்று கேட்டே வாங்கலாம்.

வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டே கோகோ குடிக்காதீர்கள். வாழைப்பழத்தில் உள்ள ஒரு நொதி ஃபிளவனாலைச் சிதைத்துவிடுகிறது. வாழைப்பழம் அடித்த பானத்தோடு சேரும்போது ரத்தத்தில் சேரும் ஃபிளவனால் 84 சதவீதம் குறைந்ததை 2023-இல் காட்டினார்கள். டீக்கடையில் தொங்கும் தாரிலிருந்து ஒரு பழம் பிய்த்துக்கொள்ளும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

செலவு: 12 கிராம் என்பது சுமார் இரண்டு மேசைக்கரண்டி. 100 கிராம் பொட்டலம் எட்டு நாள்தான் வரும். சர்க்கரை இல்லாமல் கசக்கும், ஏலக்காய் தட்டிப் போட்டால் பழகிவிடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இதன் சரியான இடம் எது என்றால், தவிர்க்க முடியாத கனமான சாப்பாடும் தவிர்க்க முடியாத டென்ஷனும் சேர்ந்து வரும் நாள். ஆபீஸ் பார்ட்டியில் பிரியாணி, மூன்று மணிக்கு ஆடிட். அன்றைக்கு.

5. சுண்டல், வேர்க்கடலை, பழம்

கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, எதுவானாலும் சரி. கொழுப்பு குறைவு, நார்ச்சத்தும் புரதமும் அதிகம், சர்க்கரை மெதுவாக ஏறும், எட்டு மணி வரை தாங்கும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் குக்கரில் நாலு விசில் விட்டால் வேலை முடிந்தது. உப்பைப் பாதியாகக் குறைத்து, எலுமிச்சை பிழிந்து, பச்சை மாங்காய்த் துருவல் போட்டால் குறைந்த உப்பு தெரியவே தெரியாது. தாளிப்பில் கறிவேப்பிலையும் இஞ்சியும் தாராளமாக இருக்கட்டும். சாயங்காலம் வரை கெடாமல் இருக்கத் தேங்காயைத் தனியாக எடுத்துப்போய்ச் சாப்பிடும்போது சேர்த்துக்கொள்வேன்.

கடலை வகைகளுக்கு நேரடியான சான்றே இருக்கிறது. அமெரிக்காவின் பென் மாநிலப் பல்கலைக்கழகத்தில், ரத்தத்தில் கொழுப்பு அதிகமிருந்த 28 பேரைத் தினமும் பிஸ்தா சாப்பிட வைத்து மன அழுத்தச் சோதனை செய்தபோது, மேல் ரத்த அழுத்தம் குறைந்தது. பிஸ்தா விலைக்கு நாம் தினமும் எங்கே போவது? வேர்க்கடலையை அதே மாதிரி டென்ஷனில் வைத்துச் சோதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நைட்ரிக் ஆக்சைடு உருவாகத் தேவையான ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அதில் நிறையவே இருக்கிறது, கொழுப்பும் பெரும்பாலும் நல்ல வகை. ஒரு கைப்பிடி 30 கிராம், ஒரு கிலோ வாங்கினால் மாதம் ஓடும். உப்பில்லாமல் வறுத்ததோ அவித்ததோ நல்லது. கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள், பூஞ்சை பிடித்திருக்கலாம்.

பழத்தில் என் ஓட்டு கொய்யாவுக்கு. மலிவு, நார்ச்சத்து, சர்க்கரை மெதுவாக ஏறும். வண்டிக்காரர் தடவித் தரும் உப்பு மிளகாய்த்தூளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதன் மறைந்த செலவு முந்தின இரவு. ஊறப்போட மறந்தால் மறுநாள் நாலு மணிக்கு வடைதான். அதனால் மேசை டிராயரில் வேர்க்கடலை டப்பா ஒன்று எப்போதும் இருக்கட்டும். சுண்டல் சிலருக்கு வாயு பிடிக்கும், அவர்களுக்குப் பச்சைப்பயறு மேல்.

ஒரே பார்வையில்

| | அடுத்த ஒன்றரை மணி நேரம் | உப்பு, சர்க்கரை | பசி தாங்குமா | கைக்கு எட்டுமா |
|---|---|---|---|---|
| வடை, பஜ்ஜி, பப்ஸ் | பாரம், பப்ஸ் மிக அதிகம் | நடுத்தரம் | ஓரளவு | வாசலிலேயே வரும் |
| பிஸ்கட், மிக்சர் | பாரம் | மிக அதிகம் | தாங்காது | எங்கும் கிடைக்கும் |
| காபி மட்டும் | அழுத்தம் ஏறும் | போடும் சர்க்கரையைப் பொறுத்து | தாங்காது | எளிது |
| கோகோ | துணை, சரியான வகையானால் | சர்க்கரை போடாவிட்டால் குறைவு | பாலோடு ஓரளவு | தேடி வாங்க வேண்டும் |
| சுண்டல், கடலை, பழம் | பாரமில்லை, கடலை துணை | உங்கள் கையில் | நன்றாகத் தாங்கும் | முந்தின இரவு வேலை |

யாருக்கு எது

கேள்வி கேட்ட வங்கி வாசகிக்கு: நாலு மணிக்குச் சுண்டலோ ஒரு கைப்பிடி கடலையோ, கூட சர்க்கரை குறைத்த டீ. கோகோ வாங்கினால் ரிவ்யூ நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வடை பிடிக்கும் என்றால் விட வேண்டாம், மீட்டிங் இல்லாத நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாலு மணியைத் தாண்டவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது, இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு சர்க்கரை இறங்கிவிடலாம். சுண்டல் அவர்களுக்கு நல்ல பொருத்தம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், பொட்டாசியத்தைத் தேக்கும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் பயறு, கடலை, கோகோ, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரவு ஷிப்டுக்காரர்களுக்கு இந்த நாலு மணி என்பது விடிகாலை இரண்டு மணி. அந்த நேரத்தில் திறந்திருப்பது பரோட்டாக் கடை மட்டும்தான், அதனால் டப்பா வீட்டிலிருந்தே போக வேண்டும். அவித்த வேர்க்கடலையும் கொய்யாவும் அந்த நேரத்துக்குத் தோது.

எங்கள் சீனியரைப் பற்றி இன்னொன்று. சோடா குடித்துக்கொண்டு அவர் கடத்திய அந்த நாலு மணி நேரம் இன்றும் என்னை உறுத்துகிறது. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர் வியர்வை, இவற்றில் எது வந்தாலும் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.